மேஜைக்கு அந்தப் பக்கம்

கண்ணாடிக்காரர் மேஜைக்கு அந்தப் பக்கம் போய் நின்றதற்கு ஒரே காரணம் வெளிச்சம்தான்.

பட்டறை திறந்து கிடந்தது, ஆள் யாரும் இல்லை. நடுவில் நீளமாக ஒரு வேலை மேஜை. அதற்கு இந்தப் பக்கம் வரிசையாக முக்காலிகள். அந்தப் பக்கம் முக்காலி ஏதும் இல்லை, பெரிய ஜன்னல் மட்டும்தான். மழை அப்போதுதான் விட்டிருந்தது. ஜன்னல் வழியாக வந்த வெளிச்சம் நனைந்து பிழிந்த வெள்ளைத் துணி மாதிரி மேஜைமேல் விரிந்திருந்தது. அந்த வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால் தான் செய்து எடுத்துவந்த பலகைகளில் என்ன கோளாறு என்று மரவேலை வாத்தியாருக்குச் சட்டென்று புரியும் என்று அவருக்குத் தோன்றியது. அதனால் சுற்றிக்கொண்டு போய், துணிப்பையிலிருந்த பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்து, செய்த வரிசைப்படி அடுக்கினார். வைத்தியரிடம் போகிறவர் முதலில் எந்த இடத்தில் வலி ஆரம்பித்தது என்று சொல்வதில்லையா, அந்த மாதிரி.

வெள்ளோட்டமாக ஒரு தடவை பார்த்துவிட்டு முக்காலிப் பக்கம் திரும்பிப் போய் உட்கார்ந்துவிட வேண்டும் என்றுதான் நினைத்திருந்தார். அதற்குள் மூன்று பேர் உள்ளே வந்தார்கள். அவரைப் பார்த்தார்கள். அவர் மனைவி தைத்துக் கொடுத்த பழுப்பு ஏப்ரனைப் பார்த்தார்கள். காதில் செருகியிருந்த பென்சிலைப் பார்த்தார்கள். மேஜைமேல் வரிசையாக இருந்த பலகைகளைப் பார்த்தார்கள்.

"வணக்கம் சார்," என்று சொல்லிவிட்டு மூன்று பேரும் முக்காலிகளில் உட்கார்ந்தார்கள்.

கண்ணாடிக்காரர் பதிலுக்கு வணக்கம் சொன்னார். அங்கேதான் முதல் தவறு நடந்தது.

கண்ணாடிக்காரர் என்றால் கண்ணாடி செய்கிறவர் அல்ல. மூக்குக்கண்ணாடிக் கடையில், உள்ளறையில், வருகிறவர்களின் கண்ணைச் சோதிக்கிறவர். இருட்டு அறை, எதிரே எழுத்துப் பலகை, நாற்காலியில் தாடையை நிமிர்த்திக்கொண்டு ஒரு மனிதர். அவர் மூக்கின்மேல் கனமான சட்டம் ஒன்றை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே, "இப்போ தெளிவா இருக்கா? இதுவா, அதுவா?" என்று கேட்பார். காலை முதல் மாலை வரை அதுதான் அவர் பேச்சு. குரல் மெத்தென்று இருக்கும். சிலர் பதில் சொல்லிக்கொண்டே கண்ணயர்ந்து விடுவதுண்டு. மங்கலாக இருந்த உலகம் அவர் விரல் நுனியில் தெளிவாகும், ஆனால் அதில் எதையும் அவர் செய்ததில்லை. வில்லை எங்கிருந்தோ வரும், சட்டம் எங்கிருந்தோ வரும். நடுவில் அவர் கேள்வி மட்டும் கேட்பார்.

அதனால்தான் ஒருநாள் அவர் மனைவி, படுக்கைக்குப் பக்கத்தில் புத்தகமும் தண்ணீரும் வைத்துக்கொள்ளச் சின்னதாக ஒரு அலமாரித் தட்டு இருந்தால் தேவலை என்று சொன்னபோது, கடையில் வாங்கலாம் என்று அவர் சொல்லவில்லை. நானே செய்கிறேன் என்றார். ரம்பம், இழைப்புளி, உளி, மூலைமட்டம் எல்லாம் வந்து சேர்ந்தன. எதையும் செய்வதற்கு முன்னால், செய்வதற்குத் துணையாக இருக்கும் சாமான்களை நீயே செய்துகொள் என்று எங்கோ படித்தார். அதில் முதலாவது தாங்கு பலகை.

பார்க்க ஒன்றுமே இல்லை. சாண் நீளத்தில் ஒரு பலகை. அதன் கீழ்முகத்தில், நம் பக்கத்து ஓரத்தில் ஒரு கட்டை. மேல்முகத்தில், எதிர் ஓரத்தில் இன்னொரு கட்டை. கீழ்க்கட்டை மேஜை விளிம்பில் மாட்டிக்கொள்ளும். மேல்கட்டையில் மரத்தைச் சாய்த்து அழுத்திப் பிடித்தால் ரம்பம் ஓடும்போது மரம் நகராது. அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று நினைத்து ஆரம்பித்தவர் அதிலேயே நின்றுவிட்டார். தாங்கு பலகை செய்யப் பலகையை நேராக அறுக்க வேண்டும், நேராக அறுக்கத் தாங்கு பலகை வேண்டும். மழைக்காலம் முழுக்க அந்த இரண்டுக்கும் நடுவில் அவர் நடந்துகொண்டிருந்தார். சாப்பாட்டு மேஜை ஓரமெல்லாம் ரம்பம் பட்டு எலி கொறித்தாற்போல் ஆனது.

கடைசியில் மனைவி அருகே வந்து உட்கார்ந்து, கோபமே இல்லாமல் சொன்னார். "அலமாரி வேணாங்க. மேஜை மிஞ்சினா போதும். எங்கயாவது போய்க் கத்துக்கிட்டு வாங்க. கத்துக்க முடியலைன்னா எல்லாத்தையும் என் தம்பிகிட்ட குடுத்துடலாம்."

தம்பி எதையும் தொட்டதும் செய்துவிடுகிற ரகம். கருவிகள் அவன் கைக்குப் போவதைக் கண்ணாடிக்காரரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. மனைவிதான் இந்தப் பட்டறையைப் பற்றி விசாரித்து எண்ணும் வாங்கிவந்தார். கண்ணாடிக்காரர் போன் செய்து, தொடக்க வகுப்பு விஷயமாகப் பேசுவதாகச் சொன்னதும், சனிக்கிழமை மத்தியானம் வரச் சொன்னார்கள். ஏற்கெனவே அனுபவம் உண்டா என்று கேட்டார்கள். வீட்டிலேயே ரொம்ப நாளாகச் செய்துகொண்டிருப்பதாகச் சொன்னார். செய்ததை எடுத்துவரச் சொன்னார்கள். எவ்வளவு அக்கறையான ஆட்கள் என்று அவருக்குத் தோன்றியது.

இப்போது அந்த அக்கறையான இடத்தில், மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். இந்தப் பக்கம் மூன்று பேர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நடுவில் உட்கார்ந்திருந்தவர் பருத்த மனிதர். மேஜைமேல் வைத்திருந்த அவர் உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு. பாவம், மூட்டை தூக்குகிறவர் போலிருக்கிறது, இந்த வயதில் புதுத் தொழில் கற்க வந்திருக்கிறார் என்று கண்ணாடிக்காரர் இரக்கப்பட்டார். வலப்பக்கம் நரைத்த முடியைக் கட்டையாக வெட்டியிருந்த ஓர் அம்மா. இடப்பக்கம் மூக்குக்கண்ணாடி போட்ட ஒல்லி மனிதர். அவர் வில்லையில் பொடிப்பொடியாகக் கீறல். இவர் கண்ணாடியை மணல் போட்டுத் துடைக்கிறாரா என்று கண்ணாடிக்காரர் மனதுக்குள் வருந்தினார்.

வாத்தியார் வந்துவிடுவார், அதுவரை சும்மா இருக்கலாம் என்று நினைத்தார். ஆனால் சும்மா இருக்க இருக்க அது ஏதோ பெரிய விஷயத்துக்கு முன்னால் வரும் மௌனம் மாதிரி ஆகிவிட்டது. மூன்று பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அந்த அம்மா கைகளைக் கட்டிக்கொண்டார்.

இது ஆகாது என்று அவர் வாயைத் திறந்தார். தானும் அவர்களைப் போலத்தான், இந்த இடத்துக்கு இன்றைக்குத்தான் முதல் தடவை வருவதாகச் சொன்னார். அவர்கள் சிநேகமாகத் தலையாட்டினார்கள். ஒருவரும் எழுந்து போய் வாத்தியாரைத் தேடவில்லை.

இன்னும் தெளிவாகச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்து, வில்லையை மாற்றுவதுபோல் வாக்கியத்தை மாற்றிப் போட்டார்.

"உண்மையைச் சொல்லணும்னா, எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. கத்துக்கத்தான் வந்திருக்கேன்."

பருத்தவர் அந்த அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். "வாத்தியார்னா இப்படிப் பேசணும்," என்றார் மெல்ல.

அந்த அம்மா ஆமோதித்தார். ஒல்லி மனிதர் நெகிழ்ந்துபோனவர் மாதிரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதற்குமேல் எப்படி உண்மையைச் சொல்வது என்று கண்ணாடிக்காரருக்குத் தெரியவில்லை. உண்மை என்பது ஒரு அளவுக்குமேல் போனால் அடக்கம் என்று ஆகிவிடுகிறது என்பதை அன்றைக்குத்தான் அவர் கண்டார்.

"அது என்னங்க சார், முதல்ல இருக்கறது?" என்று அந்த அம்மா கேட்டார்.

வாத்தியார் வரும்வரை பேச்சுக் கொடுத்துக்கொண்டிருக்கலாம், அதில் என்ன குற்றம் என்று அவருக்குத் தோன்றியது. முதல் பலகையைக் கையில் எடுத்தார். கேட்டவுடன் பதில் சொல்லிப் பழகாதவர் அவர். கேள்வி கேட்டுத்தான் பழக்கம். அதனால் பலகையை மேஜை விளிம்பில் வைத்துக் காட்டி, இது நிற்குமா, வழுக்குமா என்று அவர்களையே கேட்டார். மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். வழுக்கும் என்றார் ஒல்லி மனிதர். ஏன் என்று இவர் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. இரண்டு கட்டையும் ஒரே முகத்தில் இருக்கிறது, மாட்டிக்கொள்ள ஒன்று, சாய்த்துக்கொள்ள ஒன்று என்று முகத்துக்கொன்றாக இருக்க வேண்டும் என்று அவரே சொன்னார். அது தெரியாமல் செய்து முடித்துவிட்டு, மேஜையில்தான் ஏதோ கோளாறு என்று மேஜையைத் தலைகீழாகப் புரட்டிப் பார்த்த கதையையும் சொன்னார்.

அவர்கள் சிரித்தார்கள். கடையில் அவர் பேச்சுக்கு யாரும் சிரித்ததில்லை. தாடையை நிமிர்த்தி வைத்துக்கொண்டிருப்பவரால் சிரிக்க முடியாது. அந்தச் சிரிப்பு அவர்மேல் வெந்நீர் ஊற்றினாற்போல் இதமாக இறங்கியது. அடுத்த பலகையைத் தானாகவே எடுத்துவிட்டார்.

இப்படித்தான் வகுப்பு ஆரம்பமானது. ஆரம்பித்தவருக்கே அது வகுப்பு என்று தெரியாது.

மூன்றாவது பலகைக்கு வந்தபோது பருத்தவர், பார்த்தது போதும், செய்து பார்க்கலாமா என்று கேட்டார். மூலையில் மரத்துண்டுகள் அடுக்கியிருந்தன. அடுத்தவர் பட்டறையில் அடுத்தவர் மரத்தை எடுப்பதா என்று கண்ணாடிக்காரர் பதறினார். பதறுவதற்குள் அந்த அம்மா போய் வேண்டிய துண்டுகளைக் கொண்டுவந்து ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டார். சரியான துண்டுகளாக எடுத்து வந்திருந்தார். நல்ல வேளை, அதிர்ஷ்டக்காரி என்று இவர் நினைத்துக்கொண்டார்.

வேலை தொடங்கியது. ரம்பச் சத்தம் மெதுவாக எழுந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் மரத்தூள் ஏறி இறங்கி, போகும் இடம் தெரியாமல் மிதந்துகொண்டிருந்தது. பசை வாசனையும் ஈர மரத்தின் வாசனையும் ஒன்றாகக் கலந்து வந்தன. கண்ணாடிக்காரருக்குத் தான் எங்கேயோ தண்ணீருக்கடியில் நடப்பதுபோல் இருந்தது. இது தன் இடமில்லை என்பது தெரிகிறது. ஆனால் கால் மேஜையைச் சுற்றி வந்துகொண்டே இருக்கிறது, வாய் பேசிக்கொண்டே இருக்கிறது.

அதிசயம் என்னவென்றால், அவர்கள் மூவரும் அவர் வீட்டில் செய்த அதே தவறுகளைச் செய்தார்கள். அந்த அம்மா இரண்டு கட்டையையும் ஒரே முகத்தில் ஒட்டினார், சற்றுமுன் சொன்னது காதிலேயே விழாதது மாதிரி. இவருக்குக் கோபம் வரவில்லை. தன் சொந்த ஊர்க்காரரை வெளியூரில் பார்த்த சந்தோஷம்தான் வந்தது.

"தூக்கிப் போட்டுடாதீங்கம்மா. பசை இன்னும் ஈரம்தான். அழுத்தித் திருகினீங்கன்னா கையோட வந்துடும். அந்த இடத்தைச் சுத்தமா வழிச்சுட்டு மறுபக்கம் ஒட்டுங்க. ஒண்ணும் வீணாகலை."

அந்த அம்மா அவரை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். பிறகு சொன்னபடி செய்தார்.

பருத்தவர் கட்டையை ஆணி அடித்துப் பொருத்தப் போனார். ரம்பம் ஒருநாள் அந்த ஆணியைத் தேடிப் போய்ச் சந்திக்கும், சந்தித்தால் பல் போகும் என்று இவர் தடுத்தார். தன் ரம்பத்தின் பொக்கை வாயைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். ஆணிக்குப் பதில் மெல்லிய மரக்குச்சியைத் துளையில் இறக்கிவிட்டால் ரம்பம் பட்டாலும் மரத்தை மரம் அறுத்த கணக்குத்தான் என்றார். பருத்தவர் அந்த ரம்பத்தை வாங்கி வெகுநேரம் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். இரக்கப்படுகிறார் என்று இவருக்குத் தெரிந்தது.

ஒல்லி மனிதரின் கோடு மட்டும் ஒவ்வொரு தடவையும் ஒரு பக்கம் சாய்ந்தது. மூலைமட்டத்தைச் சரியாகத்தான் வைத்தார், பென்சிலைச் சரியாகத்தான் பிடித்தார். கண்ணாடிக்காரர் கோட்டைப் பார்க்கவில்லை. அவர் மூக்கைப் பார்த்தார். சட்டத்தின் ஒரு காது உயர்ந்து, வில்லை சரிந்து உட்கார்ந்திருந்தது. கேட்காமலேயே கண்ணாடியைக் கழற்றி, காதுக்கம்பியை விரலால் இதமாக வளைத்து, திரும்ப மாட்டிவிட்டார்.

"இப்போ தெளிவா?"

ஒல்லி மனிதர் கோடு போட்டார். நேராக விழுந்தது. அவர் "அட" என்றார். அந்த மத்தியானம் அந்த முக்காலிப் பக்கத்திலிருந்து வந்த சொற்களில் அது மட்டும் வேறு மாதிரி ஒலித்தது. ஏன் என்று கண்ணாடிக்காரருக்குப் பிடிபடவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கதவருகே ஒருவர் வந்து நின்றார். இஸ்திரி கலையாத சட்டை. கையில் தோல் பை, அதிலிருந்து இழைப்புளியின் பளபளப்பான மூக்கு எட்டிப் பார்த்தது. கண்ணாடிக்காரருக்கு உயிர் வந்தது. இவர்தான் வாத்தியார். ஒரே ஓட்டமாகப் போய், காதிலிருந்த பென்சிலை எடுத்து அவர் கையில் கொடுக்கப் போனார்.

"வாங்க சார், உங்களுக்காகத்தான் இத்தனை நேரமும் ஓட்டிக்கிட்டிருந்தேன். நீங்க எடுத்துக்கங்க."

சட்டைக்காரர் ஓரடி பின்வாங்கினார். இல்லை, நீங்கள் நடத்துங்கள், என் முறை வரட்டும், அதுவரை பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று பணிவாகச் சொல்லிவிட்டுக் கடைசி முக்காலியில் போய் உட்கார்ந்தார். இவரும் மாணவர்தான் என்று புரிந்தபோது கண்ணாடிக்காரருக்கு மனது விட்டுப்போயிற்று. ஆட்கள் சேரச் சேரக் குற்றமும் கனத்துக்கொண்டே போகிறதே என்று இருந்தது. சட்டைக்காரர் சற்றுநேரம் கவனித்தார். அந்த அம்மாவிடம் இவர் பேசுவதைக் கேட்டார். பையை இறுக்கிக்கொண்டார். பிறகு எழுந்து வந்து, நன்றாக நடத்துகிறீர்கள் சார், நான் வேறு இடம் பார்த்துக்கொள்கிறேன் என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். கற்க வந்த ஒரு மனிதரை விரட்டியும் ஆயிற்று.

அதை நினைத்து வருந்துவதற்குள் மேஜையிலிருந்து கரகரவென்று ஒரு சத்தம்.

அந்தச் சத்தம் அவருக்கு நன்றாகத் தெரியும். தூக்கத்தில் கேட்டாலும் எழுந்து உட்கார்ந்துவிடுவார். பருத்தவரின் ரம்பம் மரத்தை முடித்து, பலகையைத் தாண்டி, பட்டறையின் வேலை மேஜைக்குள் இறங்கியிருந்தது. மேல்கட்டையைப் பலகையின் முழு அகலத்துக்கும் வைத்துவிட்டார் மனிதர். மரம் அறுந்து முடிந்ததும் ரம்பத்துக்கு விழ இடமில்லை, நேரே மேஜைதான்.

பருத்தவர் கையை உதறிக்கொண்டு, செய்வதறியாத குழந்தைபோல் அவரைப் பார்த்தார். மற்ற இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தார்கள். கண்ணாடிக்காரர் மனதுக்குள் கணக்குப் போட்டார். வேறொருவர் வகுப்பை எடுத்தோம், வேறொருவர் மரத்தைத் தின்றோம், இப்போது வேறொருவர் மேஜையையும் அறுத்தாயிற்று. ஓடிவிடலாம், கதவு திறந்துதான் இருக்கிறது. ஆனால் பருத்தவரின் முகத்தில் இருந்தது மேஜையை அறுத்தவன் முகம். தன் வீட்டுக் கண்ணாடியில் அவர் அடிக்கடி பார்த்த முகம். அதை அப்படியே விட்டுவிட்டு ஓட அவரால் முடியவில்லை.

"பயப்படாதீங்க," என்றார். "மேஜைக்கு ஒண்ணும் ஆகலை. மேஜைன்னா அறுபடத்தான் செய்யும்."

அதே மரத்தின் தூளைக் கூட்டி எடுத்தார். பசையில் குழைத்து வெட்டில் அப்பி, விரலால் தடவினார். காய்ந்த பிறகு ஒரு தடவை இழைத்துவிட்டால் இடம் தெரியாது என்றார். இந்த வைத்தியத்தை எங்கே, எத்தனை தடவை செய்து பழகினார் என்று அவரும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. பிறகு, மேல்கட்டையை வலது ஓரத்தில் விரலகலம் குறைத்துவிட்டால் ரம்பம் பலகையிலேயே விழுந்து நின்றுவிடும், மேஜையைத் தொடாது என்று சொல்லி, காட்டுவதற்காகப் புதுத் துண்டு ஒன்றை எடுத்தார்.

எடுத்தபோது பயம் வந்தது. வீட்டில் இதுவரை நேராக ஒன்றும் வந்ததில்லை. மூன்று பேர் முன்னால் கோணலாக வந்தால் எல்லாம் வெளியாகிவிடும். வெளியாகட்டும், அதுவும் நல்லதுதான் என்று ரம்பத்தை வைத்தார்.

அறுக்கும்போது பருத்தவரின் தோள் இறுக்கமாக இருந்தது நினைவுக்கு வந்தது. அதனால் தோளைத் தளர்த்திக் காட்டினார். அந்த அம்மா ரம்பத்தைக் கீழே அழுத்தியிருந்தார். அதனால் அழுத்தாமல், ரம்பம் தன் எடையில் தானே போகட்டும் என்று விட்டுக் காட்டினார். அவர்களுக்காகத்தான் செய்துகொண்டிருந்தார், தன்னைப் பற்றி ஒரு நினைப்பும் இல்லை. ரம்பம் ஒரே சீராக மூச்சு விட்டது. தூள் இரண்டு பக்கமும் சமமாக விழுந்தது. வெளியே எங்கோ சொட்டிக்கொண்டிருந்த மழைநீரும் அதே தாளத்தில் சொட்டுவதுபோல் இருந்தது. இழைப்புளியில் ஓரத்தைத் தடவினார். சீவல் அறுபடாமல் நீளமாகச் சுருண்டு, வெளிச்சம் ஊடுருவ அவர் மணிக்கட்டின்மேல் வந்து படிந்தது. கட்டையை ஒட்டினார். மூலைமட்டத்தை வைத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். கோணல் இருந்தால் இடுக்கில் வெளிச்சம் கசியும்.

இடுக்கில் வெளிச்சம் வரவில்லை.

திருப்பிப் பிடித்தார். அப்போதும் வரவில்லை. மாற்றி மாற்றிப் போட்ட வில்லைகளில் ஏதோ ஒன்று, எது என்று தெரியாமலேயே, அவருக்குப் பொருந்திவிட்டது. மங்கலாக இருந்த எழுத்துகள் எல்லாம் ஒரே நேரத்தில் தெரிந்தன. எதிரே யாராவது உட்கார்ந்து இப்போ தெளிவா என்று கேட்டிருந்தால் அவர் அழுதிருப்பார்.

யாரும் கேட்கவில்லை. பருத்தவர் பலகையை வாங்கி, கண்ணுக்கு நேரே பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்துவிட்டு அந்த அம்மாவிடம் கொடுத்தார். அவர் கட்டைவிரலால் மூலையைத் தடவிவிட்டு ஒல்லி மனிதரிடம் கொடுத்தார். மூன்று பேரும் ஒரே மாதிரி பார்த்தார்கள். ஒரு மத்தியானத்தில் எவ்வளவு நன்றாகக் கற்றுக்கொண்டுவிட்டார்கள் என்று கண்ணாடிக்காரருக்குப் பெருமையாக இருந்தது.

பிறகு அவர்கள் எழுந்தார்கள். இத்தனை வருஷத்தில் யாரும் இப்படித் தவறிலிருந்து தொடங்கிச் சொல்லிக் கொடுத்துத் தாங்கள் பார்த்ததில்லை என்று அந்த அம்மா சொன்னார். எத்தனை வருஷத்தில் என்று இவர் கேட்கவில்லை. ஒல்லி மனிதர், கடை எங்கே இருக்கிறது, வில்லையை மாற்ற வரலாமா என்று விசாரித்துக்கொண்டார். கைகழுவிவிட்டுப் பேசிக்கொண்டே பக்கத்து அறைக்குள் போனார்கள்.

பட்டறை வெறிச்சோடியது. கண்ணாடிக்காரர் தரையைப் பெருக்கினார். மிச்சத் துண்டுகளை இருந்த இடத்திலேயே அடுக்கினார். அறுபட்ட இடத்தின்மேல் ஒரு சீவலைப் போட்டு மறைத்தார். தன் பழைய பலகைகளைப் பைக்குள் வைத்தார். புதியதை மட்டும் வைக்க மனம் வராமல் கையிலேயே பிடித்துக்கொண்டார். வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் இதை நீட்ட வேண்டும். நாளைக்கே தட்டு வேலையை ஆரம்பித்துவிடலாம். தம்பி தன் வேலையைப் பார்க்கட்டும்.

ஆனால் மனது உறுத்தியது. வாத்தியார் இல்லாத நேரத்தில் அவர் இடத்தில் நின்று, அவர் மாணவர்களிடம் வாய்க்கு வந்ததைப் பேசி, ஒருவரைத் துரத்தி, மேஜையையும் சேதப்படுத்தியாயிற்று. சொல்லாமல் போனால் அந்தப் பலகை கையில் உறுத்திக்கொண்டே இருக்கும்.

சாவிக்கொத்தோடு வேறோர் அம்மா உள்ளே வந்து ஜன்னல்களைச் சாத்தத் தொடங்கினார். கண்ணாடிக்காரர் மேஜையைச் சுற்றி இந்தப் பக்கம் வந்து, முக்காலி ஓரமாக நின்றுகொண்டு, நடந்ததெல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் அவரிடம் சொன்னார். மேஜைக்கு ஆகும் செலவைத் தானே ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார். வாத்தியாரிடம் தன் சார்பில் மன்னிப்புக் கேட்கச் சொன்னார். அடுத்த வாரம் முதல் ஒழுங்கு மரியாதையாக இந்தப் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்வதாகச் சொன்னார்.

"தொடக்க வகுப்பு வாத்தியார் எப்பங்க வருவார்?" என்று கேட்டார்.

சாவிக்கார அம்மா கடைசி ஜன்னலைச் சாத்திவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"அந்த வகுப்பு இன்னும் ஆரம்பிக்கவே இல்லைங்களே சார், அதுக்கு வாத்தியாரா யாரைப் போடலாம்னு பார்க்கத்தான் நம்ம பட்டறை மேஸ்திரிங்க மூணு பேரும் ஒண்ணுமே தெரியாத மாதிரி உக்காந்து மேஜையை அறுத்துக்கிட்டிருந்தாங்க, வர்ற சனிக்கிழமையிலேர்ந்து நீங்கதானாம்."